அமைச்சர் நின்ற கதவு

ஒரே அமைச்சரை என் வாழ்நாளில் மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் எங்கள் பேச்சு கழிவறையில்தான் போய் நின்றது. கல்வி, சமூகநலம், நாட்டின் எதிர்காலம் என்று பேச நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மையார் மீது ஒரு குற்றமும் இல்லை. கதவைக் கழற்றியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை மலேசியாவின் கேமரன் மலைக்கு மாற்றினார்கள். பேராக் கரையோரத்தில் வெயிலில் வெந்து வளர்ந்த உடம்பு இது. பிரிஞ்சாங் தாண்டி, கம்போங் ராஜா போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. மூன்று அறை, தகரக் கூரை. காலையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து முதல் பெஞ்சில் உட்காரும். அதற்கும் சேர்த்து வருகை எடுத்துவிடலாம் போலிருக்கும். இருந்த தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். வேறு யாரும் மலையேற ஒப்பவில்லை. ஆகவே நான் தற்காலிகத் தலைமையாசிரியர் ஆனேன். அந்தத் தற்காலிகம் பதினான்கு ஆண்டுகள் நீடித்தது.

எனக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று குளிர். மற்றது மேடை. குளிருக்குக் கம்பளிச் சட்டை கிடைத்தது. மேடைக்கு வழியில்லை. நாலு பேர் கூடினால் எழுந்து "அன்பார்ந்த பெரியோர்களே" என்று தொடங்கிவிடுவேன். தோட்டத்தில் காதுகுத்துக்கு அழைத்தாலும் என்னைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைப்பார்கள். சாப்பிட்டவர்கள் எல்லாம் கலைந்த பிறகு நான் எழுந்தால் யாருக்கும் சேதமில்லை என்ற நல்லெண்ணம்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்வித் துணையமைச்சர் எங்கள் பள்ளிக்கு வருகிறார். ஒரு பெண்மணி. வரவேற்புரை ஆற்றுவதும், அமைச்சரின் மலாய்ப் பேச்சைத் தமிழில் சொல்வதும் தலைமையாசிரியரின் பொறுப்பு.

கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் குளிரவே இல்லை.

நாளிதழ்களைத் தேடிப் பிடித்து அவரைப் பற்றிய செய்திகளைக் கத்தரித்து வைத்தேன். மலாய்க் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஆசிரியராகி, சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர். மாலையில் வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பெண்களே பிறகு அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்களாம். இப்போது துணையமைச்சர். இதையெல்லாம் சேர்த்துப் பதினொரு பக்கம் எழுதினேன். அவரை மலைக்கும் அருவிக்கும் விடிவெள்ளிக்கும் ஒப்பிட்டேன். எட்டாம் பக்கத்தில் ஒப்பிட ஏதும் மிச்சமில்லாமல் தேயிலைக் கொழுந்துக்கும் ஒப்பிட்டேன்.

வரவேற்புக்குழுவின் தலைவர் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி. நாற்பது ஆண்டுகளாகப் பேரேடு எழுதியவர். தோட்டத்தில் துரைக்கு அடுத்த குரல் அவருடையது. குழுவின் முதல் கூட்டத்தில் அவருக்கு ஒரே கவலை.

"வாத்தியாரே, வரப்போறது பொம்பள மந்திரியாம் லா. பொன்னாடை போத்தலாமா, கூடாதா? நாம போத்தினா தப்பாப் போயிருமே."

"டீச்சர் போத்தட்டும்யா."

"சரி, மாலை?"

"அதையும் டீச்சரே போடட்டும்."

"அப்ப நாம எதுக்கு இருக்கோம்?"

"கை தட்ட."

டீச்சர் என்றது பள்ளியில் எனக்கு அடுத்திருந்த ஆசிரியை. அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா ஆலையில் இலை வாட்டும் வேலை. தாப்பாவில் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியராகி, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தவர். ஞாயிறு தோறும் தானா ராத்தா தேவாலயத்துக்கு நடந்தே போவார். அதிகம் பேசமாட்டார். எங்கள் பள்ளிக்கு அது நல்லதாகப் போயிற்று; இருவரும் பேசினால் பாடம் நடத்துவது யார்?

அன்று அவர் பேசினார்.

"சார், மந்திரிகிட்டக் குடுக்குற மனுவுல ஜம்பான் எழுதுங்க."

கழிவறைக்கு எங்கள் பக்கத்தில் ஜம்பான் என்பதுதான் புழக்கம். பெரிய கிராணிக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"என்னம்மா இது? நாட்டோட மந்திரி மலையேறி வர்றாங்க. அவங்ககிட்டப் போயி ஜம்பானக் கேக்குறதா? அடுத்த தோட்டத்துக்காரன் சிரிப்பான் லா."

"சிரிக்கட்டும்யா. ஆறாம் வகுப்புல பொம்பளப் பிள்ளைங்க அஞ்சு பேரு. ரெண்டு ஜம்பான் இருக்கு, ஒண்ணுக்குக் கதவே இல்ல. இன்னொண்ணுக்குத் தாழ்ப்பா இல்ல. பத்து மணிக்கு ரெஸ்ட் பெல் அடிச்சா அதுங்க லயத்துக்கு ஓடுதுங்க. போனா வீட்டுல, தம்பியப் பாத்துக்க, தங்கச்சியப் பாத்துக்கன்னு பிடிச்சு வச்சிக்கிறாங்க. பாதி நாளு திரும்பி வரதில்ல. பத்து மணிக்கு மேல என்ன பாடம் சார்?"

"கணக்கு," என்றேன்.

"யாரு நடத்துறது?"

"நான்."

என் கணக்குக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

"இப்படியே போனா வருசக் கடைசியில பெத்தவங்க, படிச்சது போதும்னு கொழுந்தெடுக்க அனுப்பிருவாங்க சார். இந்த அஞ்சும் தானா ராத்தா பெரிய ஸ்கூலுக்குப் போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நான் தலையசைத்தேன். நன்றாக, பொறுப்பாக, தலைமையாசிரியருக்குரிய முறையில் அசைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய் மனுவில் எழுதினேன்: எங்கள் பள்ளிக்கு ஒரு நிரந்தர மேடை, கயிறு இழுத்தால் திறக்கும் திரைச்சீலையுடன்.

நிரந்தர மேடை பிறகுதான் வரும். விழாவுக்கு ஒரு மேடை வேண்டுமே. பிரிஞ்சாங் தச்சர் கேட்ட நாள்களுக்குள் அமைச்சர் வந்து போயிருப்பார். ஆகவே தோட்டத்து ஆட்களே செய்தார்கள். ஆலையில் கிடந்த தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகைகளைப் பரப்பினார்கள். முன்பக்கம், பேசுகிறவர் நிற்கும் இடத்தில், ஓர் ஆள் அகலம் குறைந்தது. நான் பள்ளியைச் சுற்றி வந்தேன். பள்ளியில் இருந்த ஒரே உறுதியான பலகை, பச்சைச் சாயம் பூசி, அடியில் தகரம் அறைந்து, கழிவறைக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தேன். அளவெடுத்துச் செய்தாற்போல் இருந்தது.

"சார், கதவக் குடுங்க," என்றார் டீச்சர், மறுநாள்.

"விழா முடியட்டும் டீச்சர். ரெண்டு வாரந்தானே."

"ரெண்டு வாரமும் பிள்ளைங்க எங்க போகும்?"

"அட, லயத்துக்குத்தான் போறாங்கன்னு நீங்களே சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு எட்டாம் வாய்ப்பாடு மறந்துபோகிறது. அந்த இரண்டு வாரமும் ஆறாம் வகுப்பில், பத்து மணிக்குப் பிறகு, பெண்பிள்ளைகளின் பெஞ்சு காலியாகவே கிடந்தது. நான் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்தபடி வரவேற்புரையை ஒத்திகை பார்த்தேன்.

விழா நாளும் வந்தது. இங்கே தேயிலை மலைக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்தவருக்குச் சோறு போடாவிட்டால் மன்னிப்போம். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் அது ஊருக்கே அவமானம். வந்தவரும் அதைக் குடிக்காமல் வைத்துவிட்டால் எங்கள் இலையையே பழித்த மாதிரி. அமைச்சர் தாப்பாவிலிருந்து அத்தனை வளைவுகளையும் தாண்டி மேலே வந்தவுடன் தானா ராத்தா அலுவலகத்தில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். பிரிஞ்சாங் கடைக்காரர்கள் காரை நிறுத்தி ஒரு கோப்பை. கியா பார்ம் தோட்டக்காரர்கள் முட்டைக்கோசு ஒரு கூடையும் தேத்தண்ணி ஒரு கோப்பையும். எங்கள் ஆலையில், ருசி பார்க்கும் மேசையில், வகைக்கு ஒன்றாக ஆறு கிண்ணங்கள். ருசி பார்ப்பவர்கள் உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்மணி. ஆறையும் குடித்து முடித்தார்.

பள்ளிக்கு வந்தவுடன் பத்தாவதாக ஒன்றை நான் என் கையாலேயே கொடுத்தேன்.

அமைச்சர் குட்டையானவர். மலாய்ப் பெண்கள் உடுத்தும் எளிய பாஜூ கூரோங், கையில் ஒரு சின்னப் பை, கண்ணாடி. டீச்சர் மாலை போட்டார். எங்கள் குளிருக்கு மல்லிகை வளராது. கியா பார்மில் வாங்கிய செவ்வந்தி, பனியில் நனைந்து, ஈரத்துணி போலக் கனத்தது. அமைச்சர் மேடை ஏறினார். முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புத் துணிக்கு அடியில் கதவு மெல்ல முனகியது. நான் தொடங்கினேன்.

மூன்றாம் பக்கத்தில் அமைச்சர் பின்னால் சாய்ந்து டீச்சரிடம் ஏதோ சொன்னதைக் கவனித்தேன். என் மலாய் நடையைப் பாராட்டுகிறார் என்று எண்ணிக் குரலை உயர்த்தினேன். டீச்சர் என் அருகே வந்தார்.

"சார், நிறுத்துங்க."

"இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு டீச்சர்."

"அவங்களுக்கு ஜம்பான் போகணும் சார்."

நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். பிறகு அமைச்சரின் காலணிகளைப் பார்த்தேன். டீச்சரும் அங்கேயே பார்த்தார்.

"துரை பங்களா?" என்றேன்.

"நேத்து மழையில பாதை சரிஞ்சு கெடக்கு."

பெரிய கிராணியை அழைத்தேன். அவர் மாவட்ட அலுவலர் ஒருவரை அழைத்தார். அவர் காவல்துறைக்காரரை அழைத்தார். ஆண்கள் நாலு பேர் மேடையின் மூலையில் கூடி, அலுவலகத்துக் கழிவறைக்குக் காரில் போவதா, திரும்பவும் பிரிஞ்சாங்குக்கே போவதா என்று ஆலோசித்து, ஒரு முடிவுக்கு வந்து, திரும்பிப் பார்த்தோம். நாற்காலி காலி. டீச்சரும் அமைச்சரும் லயத்துப் பாதையில் பாதி தூரம் போயிருந்தார்கள். பின்னால் ஓடிய அதிகாரிகளை அமைச்சர் ஒரு கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். மாலையைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் மேடையில் நின்றேன். எதிரே தோட்டமே உட்கார்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கேட்டது இதைத்தானே: ஒரு மேடை, ஒரு கூட்டம், தடுக்க ஆளில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. பிள்ளைகளை வரவேற்புப் பாட்டைப் பாடச் சொன்னேன். முடிந்ததும் மறுபடி பாடச் சொன்னேன். நாலாவது முறை பாடும்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் சொந்த ராகத்துக்குப் போய்விட்டார்கள்.

லயத்தில் நடந்ததை டீச்சர் பிறகு சொல்லித்தான் தெரியும். லயத்துக்குப் பின்னால் வரிசையாக ஐந்தாறு கழிவறைகள். எதற்கும் உள்தாழ் கிடையாது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பதுதான் அங்கே முறை. எங்கள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளிச் சீருடையில், அப்படிக் காவல் நின்றிருக்கிறாள். உள்ளே அவள் தோழி. மாலையும் இல்லாமல் பரிவாரமும் இல்லாமல் வந்த அம்மையாரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மலாயில் அத்தை முறை சொல்லி நிறுத்தியிருக்கிறாள்.

"வரிசையில நில்லுங்க மாச்சிக். உள்ள ஆள் இருக்கு."

துணையமைச்சர் வரிசையில் நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால், கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி. டீச்சர் பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுக்க, அமைச்சர் கண்ணாலேயே வேண்டாம் என்றாராம்.

"பள்ளிக்கூடத்தில் இல்லையா?" என்று அமைச்சர் கேட்டார்.

"இருக்கு மாச்சிக். கதவுதான் இல்ல. மந்திரி வர்றாங்கன்னு மேடைக்கு எடுத்துட்டாங்க."

"அப்படியா? எப்போது திருப்பித் தருவார்களாம்?"

"மந்திரி போனப்புறம்."

பிறகு அமைச்சர் உள்ளே போக, அந்தப் பெண்ணே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றாள். நாட்டில் எத்தனையோ பேர் அமைச்சர்களுக்குக் காவல் நின்றிருப்பார்கள். யாருக்குக் காவல் நிற்கிறோம் என்றே தெரியாமல், யூனிபார்மும் போட்டுக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அமைச்சரின் ஒரு கையில் அவள், இன்னொரு கையில் தோழி. இருவர் முகத்திலும் இரத்தமில்லை. யாரென்று டீச்சர் அதற்குள் சொல்லிவிட்டார் போலும். பின்னால் கொழுந்தெடுக்கும் அக்கா, கூடையோடு. அமைச்சர் மேடை ஏறினார். நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் நின்றார்.

"சிக்கு," என்றார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். "மொழிபெயர்ப்பீர்களா?"

"என் பாக்கியம்."

"நான் இப்போது எதன் மேல் நிற்கிறேன் என்று இவர்களிடம் கேளுங்கள்."

எனக்கு வியர்த்தது. அந்த மலையில் நான் வியர்த்தது அன்றுதான். ஒலிபெருக்கியை நெருங்கினேன்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள், தாம் எதன் மீது நிற்கிறோம், அதாவது, எத்தகைய கொள்கையின் மீது உறுதியாக..."

"சார்," என்றார் டீச்சர். ஒரே சொல்.

"எதன் மேல் நிற்கிறேன் என்று கேட்கிறார்," என்று முடித்தேன்.

பெரிய கிராணி பள்ளிக் கூரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து கொழுந்தெடுக்கும் அக்காவின் குரல் வந்தது, மலைச்சரிவில் ஆளைக் கூப்பிடும் குரல்:

"ஜம்பான் கதவு மேலதான் தாயி!"

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முதலில் அமைச்சர் சிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் தோட்டமே சிரித்தது. சிரித்து ஓயும்வரை அவர் காத்திருந்து, இறங்கிக் கீழே நின்றுகொண்டு, கதவு மாட்டிய பிறகுதான் பேசுவேன் என்றார். நாலு ஆட்கள் வந்து சிவப்புத் துணியை உருவினார்கள். இன்னொரு சோதனை அங்கே காத்திருந்தது. கதவின் உள்பக்கம் மேலே தெரியும்படி போட்டிருந்தார்கள். அதில் பெண்பிள்ளைகள் யாரோ கரிக்கட்டியால் ஓர் ஆளை வரைந்திருந்தார்கள். பானை வயிறு. கழுத்துவரை கம்பளிச் சட்டை. வாய் மட்டும் முகத்தைவிடப் பெரிது. வாயிலிருந்து எறும்புச் சாரைபோல் சொற்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன.

அமைச்சர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நன்றாக வரைந்திருக்கிறார்கள்," என்றார்.

ஆணி அறையும் சத்தத்தின் நடுவே அவர் என்னை அழைத்து, மிச்சமுள்ள உரையை இப்போது வாசிக்கலாம் என்றார். வாசித்தேன். சுத்தியல் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. என் உரைகளில் மிகவும் பாராட்டப்பட்டது அதுதான்.

கதவு ஏறியது. அவர் பேசியது ஐந்தே நிமிடம். பெற்றோரைப் பார்த்துப் பேசினார். இந்தப் பெண்கள் பத்து மணிக்குப் பள்ளியை விட்டு ஓடாமல் இருப்பதற்கு நான் வழி செய்கிறேன், வீட்டில் பிடித்து வைக்காமல் அனுப்புவதற்கு நீங்கள் வழி செய்யுங்கள் என்றார். இதை நான் ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். போகும்போது மனுவை வாங்கிப் படித்தார்.

"மேடை கேட்டிருக்கிறீர்களே, சிக்கு?"

"தவறாக எழுதிவிட்டேன்," என்றேன்.

அவர் பையிலிருந்து பேனா எடுத்து என்னிடம் நீட்டினார். அங்கேயே, காரின் முன்மூடியின் மேல் வைத்து, மேடையையும் திரைச்சீலையையும் அடித்துவிட்டுக் கழிவறை என்று எழுதினேன். டீச்சர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலு எழுதுங்க சார். ரெண்டுன்னா திரும்பவும் வரிசை நிக்கணும்."

நாலு என்று எழுதினேன்.

மழைக்காலம் முடியுமுன் சிமெண்டும் செங்கல்லும் வந்து இறங்கின. அமைச்சர்கள் சொன்னதெல்லாம் நடப்பதில்லை என்று அனுபவத்தில் அறிந்த பெரிய கிராணி, லோரி வந்து நிற்பதைப் பார்த்தும் கொஞ்ச நேரம் நம்பவில்லை. நம்பிய பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பளிங்கில் அமைச்சரின் பெயரைப் பொறித்து முகப்பில் பதிக்க வேண்டும் என்றார்.

"ஐயா, ஜம்பான்ல பேர் போட்டா மரியாதையா, அவமரியாதையா?"

"பேர் போடாட்டி நன்றி கெட்டவங்கன்னு சொல்வாங்க லா."

"போட்டா?"

இரண்டு கூட்டம் இதற்காகவே நடந்தது. கடைசியில் அமைச்சருக்கே எழுதிக் கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. பெயர்ப்பலகை வேண்டாம். அந்தப் பணத்தில் கதவுகளுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், சிறுமிகளுக்கு எட்டும் உயரத்தில்.

தாழ்ப்பாள் எந்த உயரத்தில் என்பதற்கு, முதலாம் வகுப்பிலேயே குட்டையான பெண்ணைக் கூட்டிவந்து கையை உயர்த்தச் சொல்லி, டீச்சரே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். திறப்பு விழா வேண்டுமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவர் காதில் விழாததுபோல் போய்விட்டார். மறுநாள் பத்து மணி இடைவேளை முடிந்து மணி அடித்தபோது ஆறாம் வகுப்பில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கணக்கு நடத்தினேன். அப்போதுதான் எனக்கு இன்னொரு உண்மையும் தெரிந்தது. அவர்களில் இரண்டு பேருக்கு என் கணக்கைக் கண்டாலும் உண்மையிலேயே பயம்தான்.

ஐவரும் அடுத்த ஆண்டு தானா ராத்தாவுக்குப் போனார்கள். தோட்டத்து லோரியில் காலைப் பனியில் அவர்கள் ஏறிய அன்று டீச்சர் முதல் பாடத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார். தலைமையாசிரியர் என்ற முறையில் நான் கண்டுகொள்ளவில்லை.

அமைச்சரை இரண்டாம் முறை பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், தலைநகரில், ஆசிரியர்களுக்கான ஒரு கூட்டத்தில். அதற்குள் அவர் சமூகநலத்துக்கு மாறி முழு அமைச்சராகியிருந்தார். வரிசையில் நின்று கைகுலுக்கப் போனேன். பத்து ஆண்டு ஆகப்போகிறது, என்னை எங்கே நினைவிருக்கப் போகிறது என்று, என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"சிக்கு பிந்து!" என்றார் தூரத்திலிருந்தே. பிந்து என்றால் மலாயில் கதவு. அன்று மாலைக்குள் அந்தப் பெயர் மண்டபம் முழுவதும் பரவிவிட்டது. இன்றைக்கும் எங்கள் பகாங் மாநில ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

அவர் அலுவலகத்தில் வேலை செய்த ஒருவர் அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். முதியோர் இல்லமோ, பிள்ளைகள் காப்பகமோ, எங்கே போனாலும் அமைச்சர் முன்வாசலில் மாலை வாங்கிக்கொண்டு நேரே பின்பக்கம் போய்விடுவாராம். முதலில் கழிவறை, அடுத்து சமையலறை, பேச்செல்லாம் அப்புறம். அவர் வருகிறார் என்றால் மற்ற இடங்களில் முகப்புக்கு அடிக்கும் சாயத்தை இப்போதெல்லாம் பின்பக்கத்துக்கும் அடிக்கிறார்களாம். இதை அமைச்சரிடமே சொல்லிச் சிரித்தேன்.

"உங்களால் வந்த பழக்கம்தான். அன்று அந்தக் கதவு அதன் இடத்திலேயே இருந்திருந்தால் நான் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பள்ளி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்," என்றார்.

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இது பாராட்டில்லை என்பது என் மனைவியின் கருத்து.

மலைக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் என் தற்காலிகம் முடிவுக்கு வந்தது. நிரந்தரத் தலைமையாசிரியர் நியமனம் வந்தது, டீச்சருக்கு. நான் அவருக்குக் கீழே கணக்கு நடத்தலானேன். பள்ளியும் நன்றாக நடந்தது, கணக்கும் கொஞ்சம் தேறியது. கூட்டங்களில் நான் எழுந்து "அன்பார்ந்த" என்றவுடன் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "பெரியோர்களே, வணக்கம்" என்று உட்கார்ந்துவிடுவேன். சுருங்கப் பேசும் கலையை எனக்குக் கற்றுத் தந்தது அந்தக் கடிகாரம்.

மூன்றாம் முறை எண்பதுகளின் கடைசியில். ஒரு சனிக்கிழமை கியா பார்மில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். மாணவர்களுக்குக் கூடுதல் வகுப்பு இருந்த நாள்; இடையில் நழுவி வந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடையில் ஓர் அம்மையார் முட்டைக்கோசு ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டது. கண்ணாடி அதே மாதிரி. பதவியை விட்டுவிட்டார் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். மகளோடு ஓய்வுக்கு மலைக்கு வந்திருக்கிறார்.

"யாங் பெர்ஹோர்மாட்," என்று, பதவியில் இருப்பவரை அழைப்பதுபோலவே குனிந்தேன்.

"அதெல்லாம் முடிந்தது. மாச்சிக் என்றே கூப்பிடுங்கள், சிக்கு பிந்து," என்றார். "கதவு இருக்கிறதா?"

அவருடைய காரிலேயே பள்ளிக்குப் போனோம். டீச்சர், அதாவது என் தலைமையாசிரியை, வாசலில் நின்று முதலில் என்னைத்தான் பார்த்தார். காய்கறிப் பையைப் பின்னால் மறைத்தேன். பிறகு அவர் காரிலிருந்து இறங்குகிறவரைப் பார்த்தார். எங்கள் பள்ளியில் நான் கண்ட மிகச் சுருக்கமான வரவேற்பு அதுதான். இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்கள்.

தோட்டத்துப் பாலர் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியையை டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அன்று லயத்தில் காவல் நின்ற பெண். தானா ராத்தாவில் படித்து, பயிற்சி முடித்து, எங்கள் தோட்டத்துச் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். அமைச்சரைப் பார்த்ததும் முன்பு போலவே முகம் வெளுத்துவிட்டது.

"நீதானே என்னை வரிசையில் நிற்கச் சொன்னவள்?"

"தெரியாமச் சொல்லிட்டேன் மாச்சிக்."

"தெரிந்திருந்தாலும் அதையே சொல்லியிருக்க வேண்டும்."

டீச்சர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அமைச்சர் கையமர்த்தினார். கியா பார்மில் ஏற்கனவே இரண்டு கோப்பை ஆகிவிட்டதாம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வழி கேட்காமலே கட்டடத்தின் பின்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நாலு கதவு, பச்சைச் சாயம். அன்று நான் கழற்றிய பழைய கதவு கடைசியில் இருந்தது. கொட்டகையைப் பிரித்தபோது அதை மட்டும் வீசாமல் டீச்சர் இங்கே மாட்டச் சொல்லியிருந்தார். அமைச்சர் அதைத் தட்டிப் பார்த்து, திறந்து, உள்ளே போனார்.

எனக்குப் பழைய குற்றத்தின் உறுத்தல் இன்னும் தீரவில்லை. யாரும் சொல்லாமலே கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றுவிட்டேன். என் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. உள்ளிருந்து மெல்லச் சிரிக்கும் சத்தமும் கேட்டது. கரிப்படத்தை டீச்சர் அழிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் என் சட்டைக் கையைத் தொட்டார்.

"தாழ்ப்பாதான் இருக்கே, இன்னும் எதுக்குக் காவல்? வாங்க சார். மணி பத்தே கால் ஆச்சு. பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்திருக்கு. கணக்கு வாத்தியாரத்தான் இன்னும் காணோம்."